மின்கம்பத்தில் ஏறுபவர்களுக்கு எங்கள் குடியிருப்பு என்ன செய்ய வேண்டும்?

புறநகர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் நூற்று எண்பது வீடுகள் உள்ளன. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, காற்றோடு பெய்த மழையில் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று முறிந்து உயர் அழுத்தக் கம்பியின்மேல் விழுந்தது. இரவு ஏழு மணிக்குப் போன மின்சாரம் அதிகாலை மூன்றரை மணிக்குத்தான் திரும்பி வந்தது. அந்த எட்டரை மணி நேரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் லைன்மேன்களைப் பற்றி எழுதப்பட்ட சொற்களை இப்போது படிக்கும்போது மனம் வலிக்கிறது. நானும் பிரிவு அலுவலகத்திற்கு நான்கு முறை தொலைபேசியில் பேசி, குரலை உயர்த்தியவன்தான்.

இரவு பதினொரு மணியளவில் பொறுக்க முடியாமல் தெருமுனைக்குச் சென்று பார்த்தேன். மழை நின்றிருக்கவில்லை. மூவர் இருந்தனர். இளைஞர் ஒருவர் கம்பத்தின் மேல் இருந்தார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் கீழே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் கைவிளக்கைப் பிடித்திருந்தார். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகவும் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கடிந்து கேட்டார். அந்தப் பெரியவர் திரும்பிப் பார்க்காமலேயே, மேலே இருக்கும் பையன் இறங்கிய பிறகு பேசுகிறேன் என்று மட்டும் சொன்னார். அவருடைய கண்கள் கம்பத்தை விட்டு அகலவே இல்லை. கம்பத்தில் இருந்த இளைஞர் ஒப்பந்தத் தொழிலாளர் என்பதையும் அவர் கைகளில் கையுறை இல்லை என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

இப்போது எங்கள் நலச் சங்கம் மார்ச் 4 அன்று, லைன்மேன் தினம் என்று கொண்டாடப்படும் நாளில், எங்கள் பகுதியின் மின் பணியாளர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்திப் பாராட்ட விரும்புகிறது. நல்ல எண்ணம்தான். ஆயினும் அந்த இரவைப் பார்த்த எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. இந்தத் துறையை அறிந்தவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க விரும்புகிறேன். ஒரு கிளையை அகற்றுவதற்கு ஏன் எட்டரை மணி நேரம் ஆயிற்று? அவர்களுக்கு உண்மையில் உதவ வேண்டுமென்றால் எங்களைப் போன்ற ஒரு குடியிருப்பு என்ன செய்ய முடியும்?

மாடித்தோட்டம்

பொன்னாடையை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளாகப் பணிபுரிந்த வயர்மேன் ஓய்வுபெற்றபோது ஒருவரும் அவரை அழைத்து ஒரு வாய் காப்பி கூடக் கொடுக்கவில்லை. அவர் குடும்பத்தினர் முன்னிலையில் நான்கு பேர் நல்ல வார்த்தை சொல்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு. மற்றபடி உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையை அறிய நானும் ஆவலாக இருக்கிறேன்.

பழைய லைன் இன்ஸ்பெக்டர்

நான் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேன், லைன்மேன் என்று படிப்படியாக உயர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்றவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கம்பங்களோடு வாழ்ந்தேன். உங்கள் முதல் கேள்வியை இதுவரை என்னிடம் கோபமாகக் கேட்டவர்கள்தான் அதிகம். அறிந்துகொள்வதற்காகக் கேட்டவர்கள் மிகச் சிலர். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் தெருவில் கிளை விழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள்; துணை மின்நிலையத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு ஃபீடரின், அதாவது அங்கிருந்து ஊருக்குள் செல்லும் உயர் அழுத்த லைனின், பிரேக்கர் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது என்பது மட்டுமே. அந்த ஃபீடர் பத்து, பதினைந்து கிலோமீட்டர் நீளம் ஓடக்கூடும். அதில் பல டிரான்ஸ்ஃபார்மர்கள் தொங்கும். ஒரு முறை பிரேக்கரைப் போட்டுப் பார்ப்பார்கள். அணிலோ காகமோ பட்டு நேர்ந்த பழுதாக இருந்தால் ட்ரிப் ஆகாமல் மின்சாரம் நிலைத்துவிடும். மறுபடியும் ட்ரிப் ஆனால், லைனை நடந்தே பார்த்தாக வேண்டும். வழியில் கம்பத்தில் உள்ள ஏ.பி. சுவிட்சை, அதாவது லைனைத் துண்டிக்கும் சுவிட்சை, திறந்து லைனை இரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்கு மின்சாரம் விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். ட்ரிப் ஆகாமல் அது நிலைத்தால் பழுது பின்பாதியில் இருக்கிறது. அதையும் மறுபடி பிரிக்க வேண்டும். இரவில், மழையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலை இப்படித்தான் தேடுகிறோம். பெரும் காற்று வீசிய இரவில் ஒரே ஃபீடரில் நான்கைந்து இடங்களில் பழுது இருக்கும். ஒன்றைச் சரிசெய்த பிறகுதான் அடுத்தது இருப்பதே தெரிய வரும். உங்கள் தெருவில் கிளையை அகற்றிய பிறகும் மின்சாரம் வராமல் இருந்திருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோடை முழுவதும், கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரின்மேல் தூசி படிந்திருக்கும். கடலோரமாக இருந்தால் உப்பும் சேரும். காய்ந்திருக்கும்வரை அதனால் தீங்கில்லை. முதல் தூறலில் அந்தத் தூசி நனைந்து மின்சாரம் கசிவதற்கு வழி திறந்துவிடும்; பொறி பறந்து பீங்கான் வெடிக்கும். “நாலு தூறல் போட்டாலே கரண்டை நிறுத்திவிடுகிறார்கள்” என்று மக்கள் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். யாரும் நிறுத்துவதில்லை. பெருமழை பெய்தால் தூசி கழுவப்பட்டு, அந்தத் தொல்லை தானே குறைந்துவிடும்.

பழுது இருக்கும் இடம் தெரிந்த உடனே ஏறிவிட முடியாது. முதலில் எல்.சி. (லைன் கிளியர்) வாங்க வேண்டும். இந்த ஃபீடரில் நான் வேலை செய்யப் போகிறேன், என் ஆட்கள் இத்தனை பேர் என்று சொல்லி, துணை மின்நிலையத்தில் பிரேக்கரைத் திறந்து, லைனைக் கண்ணுக்குத் தெரியும்படி துண்டிக்கும் ஐசொலேட்டரையும் பிரித்து, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற பலகையை மாட்டிய பிறகு எழுத்தில் பெறும் அனுமதி அது. பிறகு வேலை நடக்கும் இடத்தில் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும். மூன்று பிளேடுகளும் உண்மையிலேயே பிரிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும், ஏனெனில் பழைய சுவிட்சுகளில் கைப்பிடி இறங்கினாலும் ஒரு பிளேடு ஒட்டிக்கொண்டே நிற்பதுண்டு. அதன் பின் லைனில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, வேலை செய்யும் இடத்திற்கு இரு புறமும், லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராட் மாட்ட வேண்டும். தவறுதலாக எந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தாலும் அது மனிதனைத் தொடுவதற்கு முன் நிலத்திற்கு இறங்கிவிடுவதற்கான ஏற்பாடு இது. வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணி, கருவிகளை எண்ணி, எர்த் ராடைக் கழற்றிய பிறகு, எல்.சி. வாங்கிய அதே ஆள்தான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு ஒருவர் கொடுக்கக் கூடாது.

இந்தப் படிகளில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. ஆனால் குறைக்கச் சொல்லி வற்புறுத்துவது எது தெரியுமா? தொலைபேசி. ஒரு பக்கம் மேலதிகாரி, ஒரு பக்கம் வார்டு உறுப்பினர், ஒரு பக்கம் நுகர்வோர். அந்த நெருக்கடியில், ஐந்து நிமிட வேலைதானே, எர்த் ராட் எதற்கு என்று ஒருவன் நினைக்கும் கணம்தான் எங்கள் தொழிலில் உயிர் போகும் கணம். நான் வழியனுப்பி வைத்த தோழர்களில் இருவர் வேலை தெரியாதவர்கள் அல்லர். எனக்கே தொழில் கற்றுக்கொடுக்கக் கூடியவர்கள். அவர்கள் இறந்த இரண்டு நாள்களிலும் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. உங்கள் தெருவில் அந்தப் பெரியவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. கீழே நிற்பவனின் வேலையே மேலே இருப்பவனைப் பார்ப்பதுதான். அவர் உங்கள் நண்பருக்கு விடை சொல்லத் திரும்பியிருந்தால் அது பிழையாகியிருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை எளியது. லைன்மேனின் கைப்பேசி எண்ணை நூற்று எண்பது வீடுகளுக்கும் கொடுக்காதீர்கள். கம்பத்தின் மேல் இருக்கும்போது சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தால் கை தானாக அங்கே போகும். புகார் செய்வதற்கு ‘மின்னகம்’ சேவை மையம் 2021 முதல் இயங்குகிறது. குடியிருப்பிலிருந்து ஒருவர் மட்டும் அங்கே பதிவு செய்து, மற்றவர்களுக்குச் செய்தி சொன்னால் போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், பகல் வெளிச்சத்தில் அமைதியாக வேலை செய்ய அவர்களை விடுங்கள். அன்று வெட்டாமல் விட்ட கிளைதான் ஐப்பசி இரவில் விழுகிறது. உங்கள் தெருவில் விழுந்த கிளையை வெட்ட அவர்கள் முன்பே வந்து, நிழல் போய்விடும் என்று யாராவது தடுத்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

மின்னியல் வாத்தியார்

பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றில் மின்னியல் கற்பிக்கிறேன். லைன் இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னவற்றில் “தவறுதலாக எந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தாலும்” என்ற சொற்களை உங்கள் குடியிருப்பினர் கவனத்தில் கொள்ள வேண்டும். அந்தப் பக்கங்களில் ஒன்று உங்கள் வீடுதான்.

மின்சாரம் நின்றவுடன் சிறிய ஜெனரேட்டரை இயக்குபவர்கள் உங்கள் குடியிருப்பில் இருப்பார்கள். முறைப்படி மெயின் போர்டில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்து, வெளியிலிருந்து வரும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டித்துவிட்டுத்தான் ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்க வேண்டும். ஆனால் பலர், இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒரு ஒயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் உள்ள சாக்கெட்டிலும் செருகிவிடுகிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் வீட்டின் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் செல்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடு கிடையாது. 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குத் தரும் அதே கருவி, வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட் வந்தால் அதை உயர் அழுத்தக் கம்பியில் ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். துணை மின்நிலையத்தில் பிரேக்கர் திறந்திருக்கிறது, எல்.சி. வாங்கியாயிற்று, எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. ஆயினும் கம்பியில் உயிர் இருக்கிறது.

ஒரு சிறிய ஜெனரேட்டரால் தெரு முழுவதன் சுமையைத் தாங்க முடியாது, அது உடனே நின்றுவிடும் என்று என் மாணவர்கள் சொல்வதுண்டு. பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால் கம்பி அறுந்து உங்கள் பக்கத்தில் நான்கைந்து வீடுகள் மட்டுமே மிஞ்சியிருந்தால், அல்லது அனைவரும் விளக்குகளை அணைத்துவிட்டு உறங்கச் சென்றிருந்தால், அது நிற்காமல் ஓடும். அறுந்த கம்பியின் முனையைப் பிடித்திருப்பவருக்கு அதுவே போதும். ஒரு மனிதனின் இதயத்தைத் தடுமாறச் செய்வதற்கு மிகப் பெரிய மின்னோட்டம் தேவையில்லை. வீடுகளில் பொருத்தும் கசிவுப் பாதுகாப்புக் கருவி 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்குமாறு அமைக்கப்பட்டிருப்பது அதனால்தான். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமும் ஏறத்தாழ அந்த அளவுதான்.

கூரைமேல் சூரிய மின்தகடு வைத்து வாரியத்தின் கம்பியோடு இணைத்திருப்பவர்களுக்கு இந்த அச்சம் குறைவு. முறையாகச் சான்றளிக்கப்பட்ட கிரிட் இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் நின்ற நொடிகளில் தானும் நின்றுவிடும். வெயில் அடிக்கும்போதும் மின்தடையில் சோலார் வேலை செய்யவில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். கம்பத்தில் இருப்பவரின் உயிரைக் காக்கத்தான் அது அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது. அதை மாற்றித் தருகிறேன் என்று எந்த எலக்ட்ரீஷியனாவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

உங்கள் சங்கத்தின் நிதியில் ஒரு தேர்ந்த எலக்ட்ரீஷியனை அமர்த்தி, ஜெனரேட்டர் வைத்துள்ள ஒவ்வொரு வீட்டையும் சோதித்து, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாத வீடுகளில் அதைப் பொருத்தச் செய்யுங்கள். பொன்னாடைகளுக்கு ஆகும் செலவில் இதைத் தொடங்கிவிடலாம்.

வேதாரண்யத்து விவசாயி

இங்கே எழுதியவர்கள் தொழிலை விளக்கினார்கள். அந்தத் தொழில் ஊருக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்தபோது எங்கள் தென்னந்தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணலாம். மின்கம்பங்கள் வரிசையாக வயலில் படுத்துக் கிடந்தன. டெல்டா மாவட்டங்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் இல்லையென்றால் விளக்கு எரியாது, அவ்வளவுதானே என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். எங்களுக்கு முதலில் இல்லாமற்போனது குடிநீர். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஓடவில்லை. அடுத்த நாள் கைப்பேசிக் கோபுரங்கள் அடங்கின. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லை. ஐஸ் இல்லாததால் மீன்பிடிக்கப் போக முடியவில்லை. இறால் பண்ணைகளில் நீரில் காற்றைக் கலக்கும் சுழற்றிகள் நின்றுபோயின. அரைவை மில் ஓடாததால் நெல் இருந்தும் அரிசி இல்லை.

வெளி மாவட்டங்களிலிருந்து மின் பணியாளர்கள் வந்தார்கள்; கேரளத்திலிருந்தும் வந்தார்கள். கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கினார்கள். எங்கள் வயல் களிமண். மழையில் முழங்கால் வரை உள்ளே இழுக்கும். லாரியோ கிரேனோ உள்ளே வர இயலாது. ஒன்பது மீட்டர் சிமெண்ட் கம்பம் நிலைத்து நிற்க வேண்டுமானால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மீட்டர், மண்ணுக்குள் போக வேண்டும். தோண்டத் தோண்டக் குழியில் நீர் ஊறியது. வாளியால் இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். கம்பங்களைத் தோளில் சுமந்து வரப்பு வழியே கொண்டு சென்றார்கள். ஊர் இளைஞர்களும் தோள் கொடுத்தோம். நாங்கள் சமைத்ததை அவர்கள் எங்களோடு தரையில் அமர்ந்து உண்டார்கள். ஒருவர் சேலத்துப் பக்கத்துக்காரர். அவருடைய வீட்டில் அந்த வாரம் அவர் மகளுக்குச் சடங்கு. தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு எங்கள் ஊரில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர முப்பத்தொரு நாள் ஆயிற்று. அந்தப் புயல் சீரமைப்புப் பணியில் மின் பணியாளர்கள் சிலர் உயிரையும் இழந்தார்கள். அவர்கள் இறந்தது புயலில் அல்ல; புயல் போன பிறகு, எங்களுக்கு விளக்கேற்றுவதற்காக வந்த இடத்தில். இதைத் தட்டச்சு செய்யும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சேர்க்கிறேன். அறுந்து கிடக்கும் கம்பியை யாரும் நெருங்கக் கூடாது, அதில் மின்சாரம் இல்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னாலும். ஈர நிலத்தில் கம்பியைத் தொடாமலேயே, மண்ணில் பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கித் தாக்கும். மாட்டின் முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் நமக்கு முன்னே அது விழுந்துவிடும். அதைத் தூக்க ஓடும் மனிதனும் விழுவான். எங்கள் பக்கத்தில் இப்படி மாடும் ஆளும் சேர்ந்து போன வீடு உண்டு.

கம்பத்துக்காரர் மகள்

என் அப்பா ஒப்பந்தத் தொழிலாளராகப் பதினேழு ஆண்டுகள் வேலை செய்தார். நிரந்தர லைன்மேன்கள் குறைவாக இருந்த பிரிவு அது. வாரியத்தின் பணியாளர் ஒருவர் கீழே நிற்பார். கம்பத்தில் ஏறுபவர் அப்பாவாக இருப்பார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஒரு மாதம் இருக்கும், மறு மாதம் இருக்காது. 2014-இல் ஒரு நாள் அவர் கம்பத்தில் இருக்கும்போதே யாரோ லைனைப் போட்டுவிட்டார்கள். தூக்கி எறியப்பட்டார். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விபத்து நடந்த அன்று அவர் அங்கே வேலைக்கே வரவில்லை என்றார் ஒப்பந்தக்காரர். அலுவலகத்தில் கேட்டபோது, அவர் எங்கள் ஆள் அல்லர் என்றார்கள். அப்பாவுக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தவர் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் மட்டுமே. அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தக்காரர் வழியாக அமர்த்தப்பட்ட தொழிலாளிக்கும், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை நிறுவனமே இழப்பீடு தரும் பொறுப்புடையது. கொடுத்த பிறகு அதை ஒப்பந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். இந்த ஒரு விதியை எங்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்லவே இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆறாவது ஆண்டில்தான் பணம் கைக்கு வந்தது.

புறநகர்வாசி அவர்களே, உங்கள் விழாவுக்கு நீங்கள் பட்டியல் கேட்டால் அலுவலகம் நிரந்தரப் பணியாளர்களின் பெயர்களைத்தான் தரும். அவர்களும் மரியாதைக்குரியவர்களே, அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவரும் ஒரு நிரந்தர வயர்மேன்தான். ஆயினும் அன்றிரவு மழையில் கம்பத்தின் மேல் இருந்த இளைஞரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் பெயரைச் சொல்லி மேடையில் அழையுங்கள். விபத்து நேர்ந்த நாளில் “இவர் எங்கள் தெருவில் வேலை செய்தவர், நாங்கள் பார்த்திருக்கிறோம்” என்று சொல்ல நூற்று எண்பது குடும்பங்கள் இருக்கும் என்றால், அவர் வீட்டாருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் அறிவேன்.

புறநகர்வாசி

உங்கள் பதில்களை அச்செடுத்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் படித்தேன். கம்பத்துக்காரர் மகள் எழுதியதைப் படித்து முடித்தபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அன்று ஸ்கூட்டரில் வந்து கடிந்து பேசிய நண்பரே எழுந்து, ஜெனரேட்டர் சோதனைக்கான பொறுப்பைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். முதல் நாளிலேயே பதினொரு வீடுகளில் சோதித்தோம். நான்கில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லை. அவற்றில் இரண்டு வீடுகள் அந்தக் கம்பத்திற்கு மிக அருகில் உள்ளவை. அன்றிரவு அந்த இரு வீடுகளிலும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்று அறிந்தபோது எனக்கு உடல் நடுங்கிற்று.

லைன் இன்ஸ்பெக்டர் ஐயா ஊகித்தது சரிதான். ஆவணி மாதத்திலேயே மரம் வெட்ட ஆட்கள் வந்திருக்கிறார்கள். எங்கள் தெருவினர் இருவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இனி வெட்ட வருபவர்களோடு சங்கத்தின் சார்பில் ஒருவர் நிற்பது என்று முடிவாகியிருக்கிறது. புகாரையும் இனி ஒருவர் மட்டுமே பதிவு செய்வார். அந்த இளைஞரையும் கண்டுபிடித்துவிட்டோம். விழாவுக்கு வர மிகவும் தயங்குகிறார், வேலைக்கு இடையூறு வருமோ என்று அஞ்சுகிறார். மேடைக்கு அழைக்காமல் அவர் வீட்டுக்குச் சென்று பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

இன்னும் ஒரு ஐயம். அவர்களுக்குக் கையுறைகள் வாங்கித் தரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

பழைய லைன் இன்ஸ்பெக்டர்

கையுறையை நீங்கள் வாங்கித் தராதீர்கள். கடையில் கிடைக்கும் ரப்பர் கையுறைக்கும் மின்பணிக்கான கையுறைக்கும் பார்வையில் வேறுபாடு தெரியாது. மின்பணிக் கையுறை இத்தனை வோல்ட்டுக்கு என்று வகுக்கப்பட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை செய்யப்பட வேண்டிய பொருள். அணிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதன் வாய்ப்பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, ஊசித் துளை ஏதேனும் இருக்கிறதா என்று காதருகே வைத்துப் பார்ப்போம். தகுதியற்ற கையுறை கையில் இருந்தால், இருக்கிறதே என்ற தைரியத்தில் எர்த் ராடை விட்டுவிடுவான். அது வெறுங்கையைவிடக் கேடானது.

அதற்குப் பதிலாக, எங்கள் பகுதியில் கம்பத்தில் ஏறுபவர்களுக்கு, அவர்கள் நிரந்தரமானவர்களாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் இருந்தாலும், கையுறை, இடுப்புக் கயிறு, எர்த் ராட் ஆகியவை வழங்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டு, சங்கத்தின் முத்திரையோடு செயற்பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெறுகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தொழிலாளி அதே கேள்வியைக் கேட்டால் அவன் வேலைக்கு ஆபத்து. நுகர்வோர் கேட்டால் கோப்பில் ஏறும். அந்த இளைஞரின் பெயரைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அவர் வீட்டுக்குப் போகும்போது அவருடைய தாயாரிடமும் பேசிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, உங்கள் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கார்கள் நிற்கின்றனவா என்று இன்றிரவே பாருங்கள். ஏணி சாய்க்க இடமில்லாமல், கார் உரிமையாளரைத் தேடி ஒவ்வொரு வீடாக மணி அடித்து அலைந்த இரவுகள் எனக்கு எத்தனையோ உண்டு.